ஒரு மாட்டுக் கொட்டாயை அளந்தபோது: பாலக்கோடு வட்டத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் வழிகாட்டிப் பலகைகளைப் பார்த்தபடி வந்தால் ஒரு சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: கொட்டாய். யாரோ ஒருவர் பெயரோடு சேர்ந்து வரும், ஒரு மரத்தின் பெயரோடு வரும், மேடு பள்ளத்தின் பெயரோடும் வரும். ஊரை விட்டுத் தள்ளி, தன் நிலத்திலேயே மாட்டோடும் தானியத்தோடும் தங்குவதற்கு ஒருவர் போட்ட கூரைதான் முதலில் கொட்டாய். பிள்ளைகள் தலையெடுத்துப் பக்கத்திலேயே வீடு கட்டினார்கள். பேரப்பிள்ளைகளும் கட்டினார்கள். பத்து வீடு ஆனதும் அதுவே ஊராகிவிட்டது. விவசாயக் கட்டடம் ஒன்றின் பெயரையே ஊர்ப்பெயராக இத்தனை இடங்களில் வைத்திருக்கும் மாவட்டங்கள் இவை. ஆனால் அந்தக் கட்டடங்களைப் பற்றி நம் பக்கம் ஒரு வரைபடம்கூட இல்லாமல் ஒவ்வொன்றாக இடித்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இடிபட இருந்த ஒன்றை அளந்து, கொஞ்சம் காப்பாற்றி, கொஞ்சம் இழந்ததன் பதிவு இது.

வேலை வந்த விதம்

நான் சிவில் படித்துவிட்டுப் பதினைந்து வருடமாகத் தர்மபுரியில் வீடு கட்டிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கொட்டாயிலிருந்து நண்பன் கூப்பிட்டான். "மாட்டுக் கொட்டாயை இடிச்சிட்டு ஷீட் போடலாம்னு அப்பா சொல்றாரு, வந்து ஒரு எஸ்டிமேட் போட்டுக் குடு" என்றான். அவ்வளவுதான் வேலை.

அவர்கள் சொத்து அப்போதுதான் பாகம் பிரிந்திருந்தது. நண்பனின் அப்பா மூத்தவர். அவருக்கு மாட்டுக் கொட்டாயும் கிணறும் தெற்குப் பக்கத்துக் கொல்லை நிலமும். அவர் தம்பிக்கு முன்னால் இருந்த தொட்டிக்கட்டு வீடும் களத்தின் வடபாதியும். முன்வீட்டில் செதுக்கிய நிலைக்கதவு, வழவழவென்று மரத்தூண்கள், நடுவில் வானம் பார்த்த தொட்டி எல்லாம் இருந்தன. பார்க்க வருகிறவர்கள் அந்தக் கதவின் முன்னால் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எனக்கும் முதல் நாள் அதன் மேல்தான் கண். பின்னால் இருந்த நீளமான கொட்டாய், சாணி வாசனையோடு ஒரு பழைய கொட்டாய், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

எஸ்டிமேட்டுக்காக டேப்பைப் பிடித்தபோதுதான் அது மாறியது.

கட்டடம்

கொட்டாய் வடக்கு தெற்காக 62 அடி நீளம், வெளி அகலம் 18 அடி. மேற்கே முழு நீளத்துக்கும் ஒன்றரை அடி கனத்தில் மண்சுவர், அதன் கீழே மூன்றடி உயரத்துக்குக் கருங்கல் கட்டு. கிழக்குப் பக்கம் திறப்பு, எதிரே களம். சுவருக்குள் பதிந்து ஒரு வரிசை, திறப்பில் ஒரு வரிசை என ஒன்பது ஜோடிக் கல்தூண்கள். தூணுக்குத் தூண் ஏழரை அடி.

இந்த ஏழரை அடியில்தான் கட்டடத்தின் சூத்திரம் இருக்கிறது. கருங்கல் நசுக்கினால் தாங்கும், வளைத்தால் தாங்காது. இரண்டு முனையில் தாங்கி நடுவில் தொங்கும் கல்பலகையின் அடிப்பக்கம் இழுபடும். அந்த இழுப்புக்குக் கல் ஏழெட்டு அடிக்கு மேல் நம்பத் தகுந்ததில்லை. அதனால் கல் போட்டுக் கட்டுகிறவர் அறையின் அகலத்தைத் தன் ஆசைக்கு வைக்க முடியாது, பலகை எவ்வளவு நீளம் வரும் என்பதைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். தெற்கே மாடு கட்டும் ஆறு கட்டங்களுக்கும் ஓட்டுக் கூரைதான். ஆனாலும் அதே ஏழரை அடியையே அங்கும் வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டத்துக்கு இரண்டு மாடு. பின்னோக்கி வளைந்த நீளக் கொம்புள்ள ஆலம்பாடி மாடு இரண்டு தலையைத் திருப்பினாலும் ஒன்றின் கொம்பு மற்றொன்றின் கண்ணில் படாத அளவு அது. பென்னாகரம் பக்கத்துக் காவிரிக்கரைக் காடுகளின் இனமான ஆலம்பாடி இப்போது அருகிப் போய், காரிமங்கலம் அருகே அதற்கென்றே அரசு ஆராய்ச்சி மையம் வைத்துக் காக்கும் நிலை. இந்தக் கொட்டாயில் இன்று நிற்பவை கலப்பினப் பசுக்கள், கொம்பு தீய்த்தவை. தூண்களின் இடைவெளி மட்டும் பழைய மாட்டின் கொம்பை நினைவில் வைத்திருக்கிறது.

வடக்குக் கோடியில் இரண்டு கட்டங்களை அடைத்துத் தானிய அறை. அதற்கு மட்டும் கூரை முழுக்கக் கல்பலகை. ஒவ்வொன்றும் எட்டடி நீளம், இரண்டடி அகலம், நாலு அங்குல கனம். கருங்கல் கன மீட்டருக்குச் சுமார் 2.7 டன் எடை. கணக்குப் போட்டால் பலகை ஒன்று 400 கிலோ வருகிறது. பதினெட்டுப் பலகை, ஏழு டன்னுக்கு மேல். நடுவில் கூடுதலாகத் தூண் நிறுத்தி அதைத் தாங்க வைத்திருக்கிறார்கள். மாட்டுக்கு ஓடு போதும், தானியத்துக்கு எதற்கு இவ்வளவு கல்? நெருப்புக்கு, எலிக்கு. வைக்கோல் போர் பத்தடித் தூரத்தில் நிற்கிற இடத்தில் ஓலையோ ஓடோ எரிந்தால் மாட்டை அவிழ்த்து ஓட்டிவிடலாம், தானியத்தை அவிழ்த்து ஓட்ட முடியாது. கல் கூரைக்குக் கீழே கல் தளம், சுவரின் அடியிலும் கல். எலி வளை தோண்ட மண் இருக்கும் இடமே அந்த அறையில் மூன்று அடிக்கு மேல்தான் தொடங்குகிறது.

உள்ளே மூங்கில் பின்னிச் சாணியும் மண்ணும் மெழுகிய, தானியம் கொட்டி வைக்கும் தொம்பை ஒன்று இன்னும் நின்றது. அடியில் நான்கு கல் கால்கள். அடிவயிற்றில் கையளவு ஓட்டை, அதில் துணி அடைப்பு. மேலே கொட்டுவது, கீழே எடுப்பது. பழையது முதலில் வெளியே வரும் ஏற்பாடு அது.

மாட்டுப் பக்கம் தரை எல்லாம் கல் பாவியது. வெறுங்காலோடு நடந்தால் சரிவு தெரியாது, ரசமட்டம் வைத்தால் தெரியும். சுவர்ப்பக்கத்திலிருந்து திறப்புக்கு மூன்று அங்குல வாட்டம். அங்கே கல்லில் குடைந்த வாய்க்கால், அது தெற்கே எருக்குழிக்குப் போகிறது. கோமியம் ஒரு சொட்டு வீணாகாது, மாட்டின் குளம்பும் ஈரத்தில் நிற்காது. மேற்கே மூடிய சுவர் ஏன் என்று பெரியவரை, அதாவது நண்பனின் அப்பாவைக் கேட்டேன். "ஆடிக் காத்து எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு நினைச்சீங்க?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். சாரலும் மதிய வெயிலும் அந்தப் பக்கம். கதிர் தூற்றக் காற்று வேண்டிய களமோ சுவரின் மறைவைத் தாண்டி முன்னால் தள்ளி இருக்கிறது.

கூரையைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. ஓட்டுக்கு அடியில் முழுக்கப் பனஞ்சட்டங்கள். ஏணி போட்டு ஏறி, ஒரு சட்டத்தைப் பேனாக்கத்தியால் சுரண்டினேன். முதலில் தார் போல ஒட்டும் கறுப்பு, நகத்தின் கனம் இருக்கும். அதன் கீழே கருஞ்சிவப்பு, நடுநடுவே வெள்ளை நரம்பு, கத்தி முனை வழுக்கியது. வயதான பனையின் வெளிவளையத்தில்தான் வைரம் இருக்கும், நடு சோற்றி போல மென்மையாக இருக்கும். வைரத்தை மட்டும் பிளந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கறுப்பு எல்லாம் மாலையில் கொசுவுக்காகப் போட்ட மூட்டத்தின் புகை. வேப்பிலையும் நொச்சியும் பல தலைமுறையாகக் கூரைக்குப் பூசி வைத்த பூச்சு. பூச்சி துளைத்த சட்டங்கள் எவை என்று பார்த்தால், மாடு கட்டுவதை நிறுத்திய தென்கோடிக் கட்டத்துச் சட்டங்கள் மட்டும்தான். மூட்டம் நின்ற இடத்தில் வண்டு நுழைந்திருக்கிறது.

வயதை எப்படிப் பார்ப்பது

"தாது வருஷத்துக்கு அப்புறம் கட்டினது" என்று குடும்பத்தில் சொல்கிறார்கள். 1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சம் அன்றைய சேலம் மாவட்டத்தை மிகக் கடுமையாகத் தாக்கியது. தர்மபுரி அப்போது சேலத்துக்குள் இருந்தது, தனி மாவட்டமானது 1965இல். அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். எழுத்தில் இந்தக் கட்டடத்துக்குத் தேதி எதுவும் இல்லை. ஆகவே கல்லையே படித்தோம்.

தூண்களின் விளிம்பில் ஆப்பு இறக்கிய பள்ளங்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் உளியால் குடைந்த நீள்சதுரப் பள்ளங்கள். கிணற்று மேட்டில் பிறகு நட்ட இரண்டு தூண்களில் மட்டும் வட்டத் துளை, கம்பி வைத்து அடித்தது. கூரைப் பலகைகளில் பள்ளமே கிடையாது, மேல்முகம் மெல்ல அலை அடித்தாற்போல இருக்கிறது. நெருப்பு வைத்துப் பிரித்த கல்லுக்கு அதுதான் அடையாளம். பாறை முதுகில் விறகை ஒரு கோடாக அடுக்கி மூட்டி, அந்த நெருப்புக் கோட்டை மெல்ல மெல்ல நகர்த்துவார்கள். சூடேறிய மேல்படலம் விரிந்து அடிப்பாறையை விட்டு விலகும். சுத்தியால் தட்டிக்கொண்டே இருந்தால் சத்தம் மாறும் இடத்தில் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு அதை வேண்டிய அகலத்துக்குக் கீறி எடுப்பார்கள். இந்தப் பக்கத்துக் கல் வேலையெல்லாம் பெரும்பாலும் போயர் மக்கள் கைபட்டது. ஊரை விட்டு அரை மைல் தூரத்தில் உள்ள பாறையில் படலம் எடுத்த வடு இன்னும் தெரிகிறது. இந்தக் கொட்டாயின் கூரை அங்கிருந்து வந்தது என்று பெரியவர் சொன்னார். அலை அடித்த முகம் இரண்டிலும் ஒன்று போலவே இருக்கிறது.

ஓட்டில் இரண்டு காலம். அடியில் கையால் வளைத்த நாட்டோடு, அதற்கு மேலே பிற்பாடு மாற்றிய கட்டங்களில் மங்களூர் ஓடு. மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். அங்கிருந்து ரயிலிலும் வண்டியிலும் நம் கொட்டாய்க்கு வந்து சேரக் காலம் ஆகியிருக்கும். ஆக மூன்று அடுக்கு: கல்லும் மண்ணும் முதலில், மங்களூர் ஓடு அடுத்து, கடைசியாகச் சிமெண்ட். சிமெண்டின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

களத்துக்கு அடியில்

அளந்ததிலேயே என்னை அதிகம் நிறுத்தியது குழி. களத்தின் வடபாதியில், அதாவது தம்பி பங்கில், ஒரு வட்டக் கல் மூடி மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. கேழ்வரகுக் குழி. வாய் இரண்டடி, உள்ளே போகப் போகக் குடம் போல அகலும். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்ததில் ஒன்பதடி ஆழம்.

கேழ்வரகு சின்ன மணி, கெட்டித் தோல். வண்டு அதில் எளிதில் முட்டை வைக்காது. நன்றாகக் காயவைத்து, குழியின் சுவரோரம் தாளை அடைத்து, நடுவில் கேழ்வரகைக் கொட்டி, மூடியைச் சாணிமண்ணால் பூசிவிட்டால் உள்ளே இருக்கும் காற்றை மணியே மெல்ல மூச்சு விட்டுத் தீர்த்துவிடும். பிராணவாயு குறைந்து கரியமிலவாயு நிறைந்த இடத்தில் புழு பூச்சி வாழாது. ஓரத்தில் கொஞ்சம் கறுத்துப் போகும். நடுவில் உள்ளது வருடக் கணக்கில் களி கிண்டும் தரத்தில் இருக்கும். அதே காற்றுதான் ஆளையும் கொல்லும். குழியைத் திறந்ததும் யாரும் இறங்கக் கூடாது. ஒரு நாள் ஆற விட்டு, கயிற்றில் விளக்கை இறக்கி, அது அணையாமல் எரிந்தால் மட்டுமே இறங்குவார்கள். நாங்கள் யாரையும் இறங்க விடவில்லை. டார்ச்சும் கயிறும்தான்.

பெரியவரின் மனைவி மூடியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று சொன்னார். "எங்க மாமியார் இதைத் திறக்கிற அன்னைக்கு வெளியாளுக்குச் சொல்ல மாட்டாங்க. மேலே மாட்டைக் கட்டிடுவாங்க, குழி இருக்கறதே தெரியாது." களம் என்றால் கதிரடிக்கும் இடம் என்றுதான் என் வரைபடத்தில் எழுதியிருந்தேன். அன்று மாலை அந்தச் சொல்லை அடித்துவிட்டு, களமும் கிடங்கும் என்று திருத்தினேன்.

எது கெடுத்தது

கட்டடம் ஏன் இடிக்கும் நிலைக்கு வந்தது? மழை ஒழுகல் ஒரு காரணம், அது ஓட்டை மாற்றினால் தீரும். பெரிய காரணம் மேற்குச் சுவர். பதினைந்து வருடத்துக்கு முன்னால், சுவர் அடியில் மண் உதிர்கிறது என்று யாரையோ வைத்து ஆறடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். நானே என் வேலையின் முதல் வருடங்களில் இரண்டு வீட்டுக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

மண்சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விட்டுவிடும். நூறு வருடம் அப்படித்தான் நின்றது. சிமெண்ட் பூசியதும் விடும் வழி அடைபட்டது. ஈரம் பூச்சுக்குப் பின்னால் நின்று மேலே ஏறியது. மாட்டுக் கொட்டாய் என்பதால் அந்த ஈரத்தோடு கோமியத்தின் உப்பும் ஏறியது. ஈரம் காயும் இடத்தில் உப்பு பூத்து, பூக்கும்போது மண்ணைப் பொரித்துத் தள்ளும். சிமெண்டைக் கைவிரலால் தட்டினேன், பானையைத் தட்டியது போல ஒலித்தது. ஒரு துண்டைப் பெயர்த்ததும் பின்னால் இருந்து மாவு மாதிரி மண் கொட்டியது. கை நிறைய அள்ளிப் பார்த்தேன், குளிர்ச்சியாக, ஈரமாக, வெள்ளை வெள்ளையாக இருந்தது. நாக்கில் வைக்கத் தேவையே இல்லை, உப்பு கண்ணுக்கே தெரிந்தது.

இன்னொன்று, வெளிப்பக்கம் மண் மேடேறிவிட்டது. வருடா வருடம் குப்பையும் சாணியும் சேர்ந்து, மூன்றடிக் கல் கட்டில் ஒன்றேகால் அடிதான் வெளியே தெரிந்தது. கல் கட்டில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போய்விட்டது.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று கட்டடத்துக்கு வெளியே இருக்கிறது. பாலக்கோடும் ராயக்கோட்டையும் இன்று தக்காளிக்குப் பேர் போன சந்தைகள். தக்காளியை யாரும் தொம்பையில் கொட்டி வைப்பதில்லை, காலையில் பறித்தது அன்றே மண்டிக்குப் போகிறது. ஏருக்கு மாடு வேண்டாம், டிராக்டர் வந்துவிட்டது. மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் கவலையில் இறைக்க வேண்டாம், மோட்டார் இருக்கிறது. கிணற்று மேட்டில் கவலைக்கு நட்ட கல்தூண்கள் துணி காயப்போடத்தான் பயன்படுகின்றன. கேழ்வரகு விளைகிறது, ஆனால் தார்ச் சாலையில் பரப்பி வண்டி ஏற்றி அடிக்கிறார்கள். வேலை ஒவ்வொன்றாகக் கழன்றுபோன பிறகு நிற்கும் கட்டடத்தைத்தான் நாம் "பழசு" என்கிறோம்.

மதிப்பு என்று எதைச் சொல்கிறேன்

எஸ்டிமேட் போடப் போனவன் இதை நண்பனிடமும் அவன் அப்பாவிடமும் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. நான் சொன்னது இதுதான்: உங்கள் முன்வீட்டைப் போலத் தொட்டிக்கட்டு வீடு சேலத்தில் கிடைக்கும், கொங்கு நாட்டில் கிடைக்கும், ஓசூர் பக்கம் கிடைக்கும். கதவு அதைவிட அழகாகவும் கிடைக்கும். காசு உள்ளவர் எங்கிருந்தோ ஆசாரியைக் கூட்டி வந்து செய்ததை அது காட்டுகிறது. இந்தக் கொட்டாய் இந்த மண்ணில் மட்டும்தான் இப்படி இருக்க முடியும். பக்கத்துப் பாறை, பக்கத்துச் செம்மண், கொல்லை வரப்புப் பனை, ஆலம்பாடி மாட்டின் கொம்பு, ஆடிக் காற்று, கேழ்வரகு. ஒவ்வொரு அளவுக்கும் இந்த ஊரில் ஒரு காரணம் இருக்கிறது.

வரலாறும் இருக்கிறது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகு பாராமகால் என்று அப்போது அழைத்த இந்தப் பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் 1799 வரை இந்தப் பக்கம் நிலத்தை அளந்து, உழுபவர் ஒவ்வொருவரிடமும் நேரடியாக வரி பேசினார்கள். பிறகு மதராஸ் மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய ரயத்துவாரி முறை உருப்பெற்றது இங்கேதான். பள்ளிக்கூடத்தில் இதை இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்தோம். தன் பெயரில் பட்டா உள்ள ஒருவர் தன் கொல்லையின் நடுவில் ஏழு டன் கல்லைத் தூக்கி வைத்துத் தன் தானியத்தைப் பூட்டியதைக் கண்ணால் பார்க்கும்போதுதான் அந்தக் கேள்விக்கு எனக்கு உருவம் கிடைத்தது.

சட்டம் துணைக்கு வருமா என்று நண்பன் கேட்டான். 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் நூறு வருடம் கடந்த நினைவுச் சின்னங்களைப் பாதுகாக்க வழி செய்கிறது. அது கோட்டைக்கும் கோயிலுக்கும் பொருந்தும். தினமும் ஆணி அடிக்க வேண்டிய, வருடம் ஒருமுறை ஓடு மாற்ற வேண்டிய மாட்டுக் கொட்டாய்க்கு அது சரிப்படாது, சரிப்பட வேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். இந்த விஷயத்தில் எனக்கு உதவியது, பழைய கட்டடங்களைக் காப்பதற்கான சர்வதேச அமைப்பான இக்கோமாஸ் 1999இல் ஏற்றுக்கொண்ட மக்கள் கட்டடக்கலைக்கான சாசனம். இப்படிப்பட்ட கட்டடம் மாறிக்கொண்டே வாழும், மாற்றம் அதன் இயல்போடு பொருந்த வேண்டும், அதைக் கட்டும் கைத்தொழிலும் சேர்ந்து பிழைக்க வேண்டும் என்பது அதன் சாரம். மாடு கட்டிக்கொண்டே பழுது பார்ப்போம் என்ற முடிவுக்கு அதுதான் எனக்குத் தைரியம்.

விவசாயக் கட்டடத்துக்கு மரியாதை கொடுப்பது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. ஓசூர் மத்திகிரியில் 1824இல் குதிரைகளுக்காகத் தொடங்கிய பண்ணை இன்றும் அரசுக் கால்நடைப் பண்ணையாக நடக்கிறது. தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த ஓட்டு வீட்டை அரசு நினைவில்லமாக வைத்திருக்கிறது. பெரிய பெயரோ பெரிய நிறுவனமோ பின்னால் இருந்தால் நிற்கிறது. பெயரில்லாதவர் கட்டியதற்கும் ஒரு வரைபடமாவது இருக்கட்டும் என்பதுதான் என் ஆசை.

பழுது பார்த்தது

பெரியவர் ஒரு நிபந்தனை போட்டார். ஷீட் போட ஆகும் செலவுக்குள் முடிய வேண்டும். நியாயம்தான். கணக்குப் போட்டதில் பொருள் செலவு மிகக் குறைவு, கூலிதான் முக்கால்வாசி. ஒட்டுமொத்தம் ஷீட்டுக்குச் சற்று மேலே போனது. அந்த வித்தியாசத்துக்கு நான் என் கூலியை வாங்கவில்லை.

முதல் வேலை தண்ணீரை விரட்டுவது. மேற்கே ஏறியிருந்த மண்ணை வெட்டி எடுத்து, கல் கட்டு முழுக்க வெளியே தெரிய வைத்தோம். வெட்டிய மண் எருவாகக் கொல்லைக்கே போனது. அடுத்து சிமெண்டைப் பெயர்த்தோம். அப்புறம் ஒன்றும் செய்யவில்லை. மாசி தொடங்கி சித்திரை முடிய, சுவர் காயக் காத்திருந்தோம். இந்தக் காத்திருப்பை நண்பனால் தாங்க முடியவில்லை, வாரம் ஒருமுறை போன் செய்வான். உப்பு வெளியே பூக்கப் பூக்கத் துடைப்பத்தால் கூட்டி எடுத்துக்கொண்டிருந்தோம்.

மண்வேலை தெரிந்த மேஸ்திரியைத் தேடி மாரண்டஅள்ளி வரை போனேன். எழுபது வயது தாண்டிய ஒருவர் கிடைத்தார். வந்ததும் சுவரைப் பார்க்கவில்லை, மண்ணைப் பார்த்தார். நனைத்து உள்ளங்கையில் பாம்பு மாதிரி திரித்து, விரல் நுனியில் தொங்கவிட்டார். எவ்வளவு நீளத்தில் அறுகிறது என்று பார்த்தார். பிறகு உருண்டை பிடித்து இடுப்புயரத்திலிருந்து போட்டார். சிதறாமல், சப்பையாகவும் ஆகாமல் இரண்டு மூன்றாக வெடித்தது. "இதுக்கு மணல் ஒரு கூடை போதும்" என்றார். நாங்கள் ஆய்வகத்தில் செய்வதை அவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். பழைய சுவரிலிருந்து விழுந்த மண்ணில் உப்பு இருந்ததால் அதைச் சேர்க்க வேண்டாம் என்று அவரே ஒதுக்கினார்.

கேழ்வரகுத் தாளை நறுக்கிப் போட்டு, நான்கு நாள் ஊறவைத்து, மிதித்து, அரித்துப் போன இடங்களில் படை படையாக வைத்தோம். இங்கே ஒரு தவறு நடந்தது, என் தவறு. ஆனி மாதக் காற்று தொடங்கிவிடுமே என்ற அவசரத்தில், ஒரு நாளைக்கு ஒன்றரை அடிக்கு மேல் வைக்கக் கூடாது என்று மேஸ்திரி சொன்னதைக் கேட்காமல் இரண்டரை அடி வைக்கச் சொன்னேன். மறுநாள் காலையில் தென்கோடியில் சுவர் வயிறு தள்ளியிருந்தது. தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தால் மூன்று அங்குலம் வெளியே. மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மண்வெட்டியை எடுத்து வெட்டித் தள்ளினார். அந்த ஆறடியை மறுபடி வைக்க ஒரு வாரம் பிடித்தது.

மேலே சுண்ணாம்பும் மணலும் ஒன்றுக்கு மூன்று கலந்து மெல்லிய பூச்சு, சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரம் ஈரம் காட்டினோம். கெட்ட சட்டங்கள் ஐந்து. அதற்கு வேண்டிய பனை, பக்கத்து ஊரில் இடித்துக்கொண்டிருந்த வேறொரு கொட்டாயிலிருந்து கிடைத்தது. நாட்டோடும் அங்கிருந்துதான். ஒன்றைக் காக்க இன்னொன்றின் எலும்பை எடுக்க வேண்டியிருக்கிறது, இது எனக்குச் சுலபமாக இல்லை. அந்தக் கொட்டாயையும் ஏற்றுமுன் அளந்துகொண்டேன், ஒரு மணி நேரம்தான் கிடைத்தது.

வேலை நடந்த காலத்தில் மாடுகளைப் பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் கட்டினார்கள். சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு அவை வாயைத் திறந்து எச்சில் ஒழுக மூச்சு வாங்கின. பால் குறைந்தது என்று பெரியவரின் மனைவி தினமும் புலம்பினார். ஷீட் வேண்டும் என்று முதலில் பிடிவாதம் பிடித்தவர் அவர்தான். அதற்கு அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தம்பி பங்கு

நாங்கள் சுவர் காயக் காத்திருந்த பங்குனியில் முன்வீடு போனது. தம்பி பிள்ளைகளின் படிப்புக் கடனுக்குப் பணம் தேவைப்பட்டது. பழைய சாமான் வாங்கும் வியாபாரி ஒருவர் வந்து கதவு, தூண், உத்தரம் எல்லாவற்றையும் மொத்தமாகப் பேசி லாரியில் ஏற்றிவிட்டார். இரண்டு நாள் வேலை. யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குடும்பத்துக்கு அந்தப் பணம் அந்த மாதம் வேண்டியிருந்தது. களத்தின் வடபாதியில் கார் நிறுத்தச் சிமெண்ட் தளம் போட்டார்கள். குழியை இடிந்த சுவரின் மண்ணால் நிரப்பினார்கள். அதற்கு முந்தின வாரமே அளவுகளை எடுத்திருந்தது மட்டும்தான் ஆறுதல். மூடிக் கல்லைக் கேட்டேன், "எடுத்துக்குங்க, எனக்கு எதுக்கு" என்றார். இப்போது அது தானிய அறையின் வாசலில் படியாகக் கிடக்கிறது.

புரட்டாசியில் நல்ல மழை பெய்தது. மறுநாள் காலையில் போனேன். மேற்குச் சுவரின் பூச்சு ஈரத்தில் கருத்திருந்தது. பதினொரு மணிக்கு வெளுக்கத் தொடங்கி, மாலைக்குள் பழைய வெள்ளைக்கு வந்துவிட்டது. பெரியவர் சுவரில் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே நடந்தார். தென்கோடிக் கட்டத்தில் மறுபடி மாடு கட்டி மூட்டமும் போடுகிறார்கள், புதுச் சட்டங்கள் பழுப்பேறத் தொடங்கியிருக்கின்றன.

தை பிறந்ததும் பெரியவர் கூப்பிட்டார். தானிய அறையில் இருந்த உர மூட்டைகளையும் பழைய டயரையும் வெளியே எடுத்துப் போட்டு, தளத்தைக் கழுவி வைத்திருந்தார்கள். தொம்பைக்குப் புதிதாகச் சாணி மெழுகியிருந்தது, இன்னும் காயவில்லை. மொத்தம் நாலு மூட்டைக் கேழ்வரகு. மீதியை விற்றுவிட்டு வீட்டுக் களிக்கு மட்டும் வைத்துக்கொண்டதாகச் சொன்னார். அவர் தம்பியும் அங்கே இருந்தார். கொட்டுவதற்கு மூட்டையின் மறுமுனையை அவர்தான் பிடித்தார். கொட்டி முடித்ததும் என்னைப் பார்த்து, அந்தக் குழியின் வரைபடத்தில் ஒரு காப்பி தனக்கும் வேண்டும் என்றார்.